அறிவியல் தேர்வுக்கு ஆயத்தமானோம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் ஐவருக்காக, அவர்களுள் ஒருத்தி எழுதியது

தேர்வு என்பது மூன்றெழுத்துச் சொல். ஆனால் அந்த மூன்றெழுத்தைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முப்பது நோய்கள் வந்துவிடுகின்றன. தமிழ்த் தேர்வென்றால் ஒருவாறு சமாளித்துவிடலாம்; தாய்மொழியாயிற்றே! சமூக அறிவியலில் கதை சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியதாகும். பாதிக் கிணறு தாண்டினால் உள்ளேதானே விழுவோம் என்று கேட்காதீர்கள். பொது அறிவியலோ இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று தலைகளோடு நம் முன் வந்து நிற்கிறது. ஒரு தலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்ற இரண்டும் மறந்துபோகின்றன.

அறிவியலுக்கு ஆயத்தமாவது பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். அரையாண்டுத் தேர்வில் எங்கள் பிரிவில் அறிவியலில் தவறியவர்கள் ஐவர். அந்த ஐவரும் நாங்களே. இதைவிட வேறு தகுதி வேண்டுமா? வாங்கிய மதிப்பெண்களை மட்டும் அச்சில் ஏற்ற வேண்டாமென்று தோழியர் நால்வரும் கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறோம். ஐந்தாமவளுக்கும் அதில் முழுச் சம்மதம்.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் படிக்காமல் தவறவில்லை. எங்களுக்கு வலித்ததும் அதுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தெருவே விழிக்கும்படி உரக்கப் படித்தவர்கள் நாங்கள். எங்களுள் ஒருத்தியின் வீட்டில் பூக்கட்டும் தொழில். நிலக்கோட்டைப் பக்கமிருந்து வரும் மல்லிகையைக் கூடையிலிருந்து கொட்டி, தாயும் மகளும் எதிரெதிரே அமர்ந்து சரம் தொடுப்பார்கள். கை நாரைச் சுற்ற, வாய் பாடத்தைச் சொல்ல, இரண்டு முழம் கட்டி முடிப்பதற்குள் 'தாவரங்களில் கடத்துதல்' முடிந்துவிடும். அவள் குரல் நின்றுவிட்டால் உள்ளேயிருந்து அவள் அப்பா, "என்ன, சத்தத்தைக் காணோம்?" என்பார். குரல் மறுபடி தொடங்கும். இப்படி ஒரு பாடத்தைப் பத்து முறை சொன்னவள் தேர்வு மண்டபத்தில் மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

அரையாண்டு மதிப்பெண் அட்டை வீட்டுக்குச் சென்ற அன்று மாலை அவள் அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றாள் அவள். "பத்தோட போதும்மா. மில்லுக்குப் போனா உனக்கும் நாலு காசு சேரும்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டாராம். திண்டுக்கல்லைச் சுற்றி நூற்பாலைகளுக்குக் குறைவில்லை என்பது நம் ஊர்ப் பெற்றோருக்குத் தெரியும். அவளுக்கோ செவிலியர் படிப்புப் படிக்க வேண்டுமென்பது ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஆசை. அதற்கு மேல்நிலையில் உயிரியலும் இயற்பியலும் வேதியியலும் உள்ள பிரிவு கிடைக்க வேண்டும். அந்தப் பிரிவு கிடைக்க இந்த ஆண்டிறுதித் தேர்வில் அறிவியல் கைகொடுக்க வேண்டும். ஆகவே எங்கள் ஐவருக்கும் இது ஒரு பாடத்தின் தேர்வாக மட்டும் இருக்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில், அறிவியல் கற்பிக்கும் சிஸ்டர் மாலை மணி அடித்தபின் எங்கள் ஐவரையும் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்தார்கள். திட்டு விழும் என்று தலைகுனிந்து நின்றோம். சிஸ்டர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, "இரத்தத்தின் இரட்டைச் சுற்றோட்டம் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்" என்றார்கள். முதல் வரி அருவிபோல் வந்தது. இரண்டாம் வரி ஓடைபோல் வந்தது. மூன்றாம் வரிக்கு நாங்கள் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் கழிந்தபின் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார்கள். பார்த்தால், அட, எல்லாம் தெரிந்த வரிகள்! "இதுதானே சிஸ்டர், எங்களுக்குத் தெரியுமே" என்றோம்.

"நீங்கள் வரும் பஸ்ஸில் தினமும் ஏறுகிற பத்துப் பேரை உங்களுக்குத் தெரியுமா?" என்று சிஸ்டர் கேட்டார்கள்.

"தெரியும், சிஸ்டர்."

"அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்."

எங்களால் சொல்ல முடியவில்லை. முகம் தெரிந்திருப்பது வேறு, பெயர் சொல்லத் தெரிந்திருப்பது வேறு. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகளின் முகம் பழகிவிடுகிறது. பழகிய முகத்தைப் பார்த்ததும் மனம் 'இது எனக்குத் தெரியும்' என்று சொல்லி ஏமாற்றுகிறது. தேர்வு மண்டபத்தில் முகமே இருக்காது. பெயரை நாமே சொல்ல வேண்டும். எங்கள் தவறு எங்கே என்பது அன்றுதான் புலப்பட்டது.

இதைப் பெரியவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று சிஸ்டர் விளக்கினார்கள். ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே வேகமாக வந்து, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை எங்களுக்கு இன்னும் வியப்பாக இருந்தது. கல்லூரி மாணவருக்குச் சிறு அறிவியல் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒன்று கதிரவனைப் பற்றியது, மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு முறையில் அதையே மீண்டும் படிக்கச் சொன்னார்கள். மற்றொரு முறையில் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு நூற்றுக்கு 81, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ நிலைமை தலைகீழாயிற்று. திரும்பப் படித்தவர்களுக்கு 42, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56.

தோழியரே, நம் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

அன்று முதல் நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். புதுத் தாள் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தைச் சேர்த்துவைத்தோம். ஒரு பாடத்தை ஒருமுறை நிதானமாகப் படிப்போம். புத்தகத்தை மூடுவோம். நினைவில் இருப்பதை நீல மையில் எழுதுவோம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தவறாக எழுதியதையும் சிவப்பு மையில் சேர்ப்போம். அடுத்த முறை படிக்க வேண்டியது சிவப்பை மட்டுமே. இரண்டு நாள் கழித்து அதே பாடத்திற்கு இன்னொரு தாள். ஒரு வாரம் கழித்து மற்றொன்று. முதல் தாள் திருவிழாத் தோரணம்போல் சிவந்திருக்கும். மூன்றாம் தாளில் நீலம் கூடிவிடும். நம் அறிவியல் புத்தகத்தில் 23 அலகுகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் மும்முறை எழுத எங்களுக்கு நாள் போதவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜனவரியில் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் ஜூன் மாதத்திலேயே தொடங்கலாம்.

இதிலே எதிர்பாராத ஓர் இடையூறு வந்தது. மூடிய புத்தகத்தின் முன் பேசாமல் உட்கார்ந்து எழுதும் பெண்ணைப் பார்த்தால், அவள் படிக்கிறாள் என்று எந்தப் பெற்றோராவது நம்புவார்களா? பூக்கார வீட்டில், "மில்லுன்னு சொன்னதும் படிக்கறதையே விட்டுட்டாளா?" என்று அவள் அப்பா அம்மாவிடம் கேட்டிருக்கிறார். இன்னொருத்தியின் வீட்டில் அம்மா, "வாயைத் தொறந்து படிடி" என்று அடுப்படியிலிருந்து மிரட்டல். எங்கள் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் காதால் கேட்டுத்தான் எங்கள் படிப்பை அறிந்தவர்கள். மனப்பாடச் செய்யுளுக்கும் செபங்களுக்கும் உரக்கச் சொல்வது உதவும். அங்கே சொல் மாறக்கூடாது. அறிவியலில் கேள்வியே மாறி வரும்.

சிஸ்டர் இதற்கும் வழி சொன்னார்கள். "சத்தம்தானே வேண்டும்? கேள்வி கேட்கும் சத்தம் வீட்டிலிருந்து வரட்டும்." புத்தகத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துப் பாடத்தின் பின்னாலுள்ள வினாக்களைக் கேட்கச் சொல்ல வேண்டும் என்பது யோசனை. பூக்கார அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முதல் நாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, எழுத்துக் கூட்டி நான்கு ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் கேட்டார். விடை சரியா தவறா என்று பார்க்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. மூன்றாம் வாரத்தில் பூ மார்க்கெட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எந்தப் பாடம்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

கேள்வி கேட்பவருக்குப் படிப்பு இருக்க வேண்டுமென்பதில்லை என்று எங்களுக்குக் காட்டியவர் எங்களுள் இன்னொருத்தியின் அப்பாயி. எழுபது வயதைக் கடந்தவர். பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர். பேத்தி அவர் எதிரே அமர்ந்து இரட்டைச் சுற்றோட்டத்தைச் சொல்லியிருக்கிறாள். உடலெங்கும் சுற்றிய இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வருகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு மறுபடியும் இதயத்தின் இடப்பக்கம் வருகிறது. அங்கிருந்து உடலுக்குப் போகிறது. பாக்கு இடித்துக்கொண்டிருந்த அப்பாயி உலக்கையை நிறுத்திவிட்டார்.

"ஏண்டி பாப்பா, செத்த நில்லு. காத்த வாங்குன ரத்தம் அப்படியே ஒடம்புக்குப் போவ வேண்டியதுதானே? எதுக்கு மறுக்கா நெஞ்சுக்கே வந்துட்டுப் போவுது?"

பேத்தி விழித்தாள். பத்து முறை படித்த பாடத்தில் அந்தக் கேள்வி எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. மறுநாள் ஐவரும் புத்தகத்தைப் புரட்டி, போதாமல் சிஸ்டரையும் கேட்டு விடையைச் சேர்த்தோம். நுரையீரலில் இரத்தம் மயிரிழையைவிட மெல்லிய தந்துகிகள் வழியாகப் புகுந்து வருகிறது. அதில் அதன் வேகமும் அழுத்தமும் குறைந்துவிடுகின்றன. அந்தத் தளர்ந்த வேகத்தோடு அது தலை உச்சிக்கும் கால் நுனிக்கும் போய்ச்சேர இயலாது. முதலிலேயே பலமாகத் தள்ளிவிடலாமே என்றால், நுரையீரலின் மெல்லிய தந்துகிகள் அந்த அழுத்தத்தைத் தாங்கமாட்டா. ஆகவே வலப்பக்கம் மெதுவாகத் தள்ளி நுரையீரலுக்கு அனுப்புகிறது. திரும்பி வந்ததை இடப்பக்கம் பலமாகத் தள்ளி உடலுக்கு அனுப்புகிறது. மீனுக்கு இந்த ஏற்பாடு இல்லை. அதன் இரத்தம் இதயத்திலிருந்து செவுளுக்குப் போய், அங்கிருந்து நேராக உடலுக்குப் போகிறது.

இதை அப்பாயியிடம் சொன்னபோது அவர் சட்டென்று, "அப்படிச் சொல்லு. கெணத்து மோட்டாரு தண்ணி தரைத்தொட்டில விழுந்தா வேகம் செத்துப்போவும். மாடித் தொட்டிக்கு ஏத்த இன்னொரு மோட்டாரு வேணும்ல" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் புத்தகத்தில் இருந்ததைவிட அது தெளிவாக இருந்தது.

ஒரு 'ஏன்' தெரிந்ததும் நான்கு விடைகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடித்திருக்கிறது? அதுதான் மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார். நுரையீரல் தமனி, தமனியாயிருந்தும் ஏன் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டு செல்கிறது? இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். உள்ளே ஓடுவது எந்த இரத்தம் என்பதைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. முன்பு இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருப்போட்டு, தனித்தனியாக மறந்துகொண்டிருந்தோம்.

முயலின் பல் சூத்திரமும் அப்படித்தான். மேல்தாடையின் ஒரு பாதியில் 2, 0, 3, 3. கீழ்த்தாடையின் ஒரு பாதியில் 1, 0, 2, 3. இதைத் தொலைபேசி எண்போல் மனப்பாடம் செய்து எப்போதும் மேலதைக் கீழே எழுதிவிடுவோம். மடத்தின் பின்புறம் முயல் கூண்டு இருப்பது விடுதி மாணவியருக்குத் தெரியும். சமையலறை அக்காவின் அனுமதியோடு ஒரு முயலைப் பிடித்து அதன் வாயைப் பார்க்க முயன்றோம். முயல் எங்கள் கல்வி ஆர்வத்தை மதிக்கவில்லை. ஒருத்தியின் கையில் நகக்கீறல் மூன்று. என்றாலும் முன்பற்களுக்கும் பின்பற்களுக்கும் நடுவே வெறும் ஈறு இருப்பதைக் கண்ணால் கண்டோம். புல்லைத் தின்னும் பிராணிக்குக் கிழிக்கும் கோரைப்பல் எதற்கு? ஆகவே இரு தாடையிலும் இரண்டாம் எண் சுழியம். மேலே பதினாறு, கீழே பன்னிரண்டு, ஆக 28 பற்கள். இனி அது மறக்காது. கீறல் தழும்பு நினைவூட்டும்.

கணக்குகளைக் கண்டு பயப்படும் தோழியருக்கு ஒரு சம்பவம். குவியத்தொலைவு 15 செ.மீ. உள்ள குவிலென்சின் முன் 20 செ.மீ. தொலைவில் பொருள் உள்ளது. பிம்பம் எங்கே தோன்றும்? எங்களுள் மூவர் பொருளின் தொலைவுக்குக் குறை அடையாளம் போட மறந்து 8.57 செ.மீ. என்று விடை கண்டு, அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தோம். சிஸ்டர் எதுவும் சொல்லாமல் ஒரு குவிலென்சை எடுத்து ஆய்வுக்கூட ஜன்னலுக்கு எதிரே பிடித்தார்கள். வெளியே நின்ற வேப்பமரம் தலைகீழாக வெள்ளைத்தாளில் விழுந்தது. மிகத் தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் குவியத்தில் விழும். பிறகு மெழுகுவர்த்தியை ஏற்றி லென்சை நோக்கிக் கொண்டுவரக் கொண்டுவர, தாளைப் பின்னால் பின்னால் நகர்த்த வேண்டியிருந்தது. ஆகவே தாளில் விழும் பிம்பம் எதுவும் குவியத்தைவிட அருகில் விழாது. 15 செ.மீ. லென்சுக்கு 8.57 என்பது நடக்க முடியாத விடை. அடையாளத்தைத் திருத்திப் போட்டதும் 60 செ.மீ. வந்தது. விடைக்கு அடியில் கோடு போடுமுன் 'இது நடக்குமா?' என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் போடுகிறோம் இப்போது.

மின்னியல் கணக்குகளுக்கு வீட்டிலேயே கேள்வித்தாள் இருக்கிறது. 75 வாட் மின்விசிறி இரவு 10 மணி நேரம் ஓடினால் 750 வாட் மணி, அதாவது முக்கால் யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுக்கிறார்கள். 60 இரவுக்கு 45 யூனிட். இதைக் கேட்ட ஓர் அப்பா அன்றிரவே மாடியறை விசிறியை நிறுத்திவிட்டார் என்பதையும் சொல்லிவைக்கிறோம். அலகை எழுதாமல் வெறும் 45 என்று எழுதினால் மதிப்பெண் குறையும்.

நம் ஆண்டிறுதி அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண்கள். அந்த 25-ஐ 'அது கிடைத்துவிடும்' என்று அலட்சியம் செய்பவர்கள் உண்டு. நாங்களும் செய்தோம். மயில்துத்தம் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலப் படிகத்தைச் சோதனைக்குழாயில் இட்டு மெல்லச் சூடாக்கினால் குழாயின் வாய்ப்பக்கம் நீர்த்துளி படிகிறது. நீலம் வெளுத்து வெண்தூள் ஆகிறது. ஆறியபின் இரண்டு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பி வந்துவிடுகிறது. நீலத்தைத் தந்தது படிகநீர். 249.5 பங்கு மயில்துத்தத்தில் 90 பங்கு நீர். 100 கிராம் வாங்கினால் ஏறத்தாழ 36 கிராம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். திராட்சைக் கொடிக்குச் சுண்ணாம்போடு கலந்து தெளிப்பதும் இதுதான் என்று எங்கள் வகுப்புத் தோட்டக்காரர் வீட்டுப் பெண் சொன்னாள். சூடாக்கும்போது குழாயின் வாயைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் படிந்த நீர் வழிந்து சூடான அடியில் பட்டுக் குழாய் விரிசல் விடும். எங்களுடையது விட்டது. நவச்சாரம் கரையும்போது குழாய் குளிர்வதையும் எரிசோடா கரையும்போது சுடுவதையும் விரல் நுனியால் ஒருமுறை உணர்ந்துவிட்டால், எது வெப்பம் கொள்வது, எது வெப்பம் உமிழ்வது என்று எந்தக் காலத்திலும் மாற்றி எழுதமாட்டோம். எரிசோடாவை மட்டும் கையால் தொடக்கூடாது.

படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பார்த்து வரைவதை விட்டுவிட்டுப் பாராமல் வரையுங்கள். பாகங்களின் பெயர்க்கோடுகளை வலப்பக்கமாக இழுத்தால் திருத்துபவர் கண்ணுக்கு எளிது.

நேரக் கணக்கு ஒன்று உண்டு. மூன்று மணி என்பது 180 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் 75-க்கு 150 நிமிடம். மீதி அரை மணி திருப்பிப் பார்க்க. அரையாண்டில் எங்களுள் ஒருத்தி ஏழு மதிப்பெண் வினா ஒன்றுக்கு அட்டையின் வாழ்க்கை வரலாற்றையே நாற்பது நிமிடம் எழுதினாள். அட்டைக்கு 33 கண்டங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விடாமல் அவள் வருணித்தாள் போலும்! கடைசியில் கதிரியக்கத்திற்கு நேரமில்லை.

இரவெல்லாம் விழித்திருப்பது பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. தூங்கும்போதுதான் மூளை அன்று கற்றதை நிலைப்படுத்துகிறது என்று சிஸ்டர் சொன்னபின், பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுவதென்று முடிவாயிற்று. ஒருத்தி மட்டும் இன்னும் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

மரபியல் பாடத்திற்கு வந்தபோது சிஸ்டர் ஒரு செய்தி சொன்னார்கள். பட்டாணிச் செடிகளைக் கலந்து, முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டை, இரண்டாம் தலைமுறையில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை என்று எண்ணிக் காட்டிய கிரிகோர் மெண்டல், புருன் நகரில் அகுஸ்தீன் சபை மடத்துத் துறவி என்பது புத்தகத்தில் உள்ளது. அந்நகர் இன்று செக் குடியரசில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத செய்தி, அவர் ஆசிரியர் தகுதிக்கான தேர்வை 1850-இல் வியன்னாவில் எழுதித் தேறவில்லை என்பது. 1856-இல் மறுபடி முயன்றும் தேறவில்லை. அந்த ஆண்டையொட்டித்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆய்வு தொடங்கியது. 1866-இல் கட்டுரை அச்சாயிற்று. அதன் அருமையை உலகம் உணர்ந்தது 1900-இல். அவர் 1884-லேயே இறந்துவிட்டார். கேட்டதும் நாங்கள் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். "நிமிர வேண்டாம், அவர் எண்ணிய செடிகள் ஆயிரக்கணக்கில், நீங்கள் இன்னும் மூன்று தாள்கூட எழுதவில்லை" என்று சிஸ்டர் உடனே சொல்லிவிட்டார்கள்.

முதல் திருப்புதல் தேர்வு முடிந்து தாள்களும் வந்துவிட்டன. ஐவரும் தேறினோம். பெரிய மதிப்பெண்கள் அல்ல. வகுப்பில் முதல் பத்துப் பேருக்கு எங்களால் எந்த ஆபத்தும் இல்லை. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் பற்றிய வினா இருந்தது. ஐவரும் எழுதியிருந்தோம். ஒருத்தி மோட்டாரையும் சேர்த்து எழுத, சிஸ்டர் அதன் ஓரத்தில் சரியென்று குறியிட்டிருந்தார்கள். அந்தத் தாளை அப்பாயிக்குப் படித்துக் காட்டியாயிற்று.

பூக்கார வீட்டில் மதிப்பெண் அட்டையில் கையொப்பமிடும்போது அப்பா மில்லைப் பற்றிப் பேசவில்லை. மேல்நிலை வகுப்பைப் பற்றியும் பேசவில்லை. ஆண்டிறுதித் தேர்வு முடியட்டும் என்று நினைக்கிறார் போலும். ஆனால் மறுநாள் காலை பூக்கூடைக்குப் பக்கத்தில் பழைய நாட்காட்டி ஒன்று இருந்தது. மார்க்கெட்டில் யாரோ ஒரு கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவந்தாராம். போன ஆண்டுடையது, 365 தாள்களும் பின்புறம் வெள்ளையாக.

இக்கட்டுரையை மலர்க்குழுவிடம் கொடுக்கும் இன்று, செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது நாட்கள் உள்ளன. ஒளியியல் தாளில் எங்களுக்கு இன்னும் நான்கு சிவப்பு வரிகள் இருக்கின்றன.